ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்காம் நாள்

அன்று ஸ்டுடியோவில் இருந்தவர்கள் நாலு பேர். நான்; வல்லத்திலிருந்து பஸ்ஸில் வந்த ஒரு பெண்; அவளுடைய அம்மா; பெஞ்சு ஓரத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்த அவளுடைய எட்டு வயது மகள். வேறு யாரும் இல்லை. நாளைக்கு யாராவது கூப்பிட்டு, யார் யார் எதிரில் என்ன பேசினாய் என்று கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே என்று அன்றைக்கே மனதுக்குள் எண்ணி வைத்துக்கொண்டேன். யாரும் கேட்கவில்லை. எண்ணி வைத்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மாதான் முதலில் பேசினாள்.

"இங்க ஒரு பெரியவரு இருப்பாரே தம்பி, கண்ணாடி போட்டுகினு, செவப்பா?"

சுவரைக் காட்டினேன். முதலாளியின் படத்துக்கு மாலை போட்டிருந்தது. அவர் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவருடைய பிள்ளைகள் வெளியூரில். மாதம் ஒருமுறை ஒருவர் வந்து வாடகைக் கணக்கு பார்த்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போய்விடுவார். மற்ற இருபத்தொன்பது நாளும் கடையில் நான் ஒருவன். செஞ்சிக் கடைத்தெருவில் எதிரும் புதிருமாக ஆயிரம் பேர் போவார்கள், வருவார்கள். என்னிடம் வருகிறவர்கள் "தலையை நிமிர்த்துங்க, மூச்சுப் பிடிங்க" என்று நான் சொல்வதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். ராஜா கோட்டை மாடிப்படி வரைந்த திரைக்குப் பின்னால் பாய் போட்டுப் படுத்துக்கொள்வேன். அதுதான் வீடு.

"செத்துட்டாரா!" என்று அம்மா உட்கார்ந்துவிட்டாள். "அப்போ எங்க காரியம் கெட்டுது."

காரியம் இதுதான். அந்தப் பெண்ணின் புருஷன் வெளியூரில் ஒரு சர்க்கார் ஆபீஸில் வாட்ச்மேன். மஞ்சள் காமாலை வந்து நாலு மாதத்துக்கு முன் இறந்துவிட்டார். மனைவிக்குப் பென்ஷன் வர வேண்டும். ஆனால் புருஷனுடைய அண்ணன், இவள் தாலி கட்டிய மனைவியே இல்லை என்று மனு எழுதிப் போட்டுவிட்டார். ஆபீஸிலிருந்து கேட்டிருந்தார்கள்: கல்யாணப் பத்திரிகை அனுப்பு, இல்லாவிட்டால் கல்யாணப் போட்டோவும் அது எந்தத் தேதியில் எடுத்தது என்று ஸ்டுடியோக்காரர் எழுதிக் கையெழுத்துப் போட்ட சீட்டும் அனுப்பு. மாதக் கடைசிக்குள் வந்து சேர வேண்டும். அதற்கு இன்னும் பதினெட்டு நாள் இருந்தது.

"பத்திரிக அடிக்க எங்களுக்கு ஏது தம்பி வசதி? வெத்தல பாக்கு வச்சி அழச்சதோட சரி."

"போட்டோ?"

அந்தப் பெண் அதுவரை வாய் திறக்கவில்லை. "எடுத்தோம்ணா. இந்தப் படிக்கட்டு முன்னாடிதான் நிக்க வச்சாரு. ஆனா பிலிமு கருகிப்போச்சாம். வாங்க வந்தப்ப பெரியவரு சொல்லிட்டாருன்னு எங்க வூட்டுக்காரரு வந்து சொன்னாரு. கருகனது எதுனா இருந்தாக்கூட பரவால்லண்ணா, குடுங்க."

முதலாளி பிலிமைக் கருக விடுகிறவர் அல்ல. அதைச் சொல்லாமல் பெட்டிகளை இறக்கினேன். வாங்கிப் போகாத போட்டோக்கள் பழுப்புக் கவர்களில் பெட்டி பெட்டியாக இருந்தன. மேலே பெயர், ஊர், அட்வான்ஸ், பாக்கி. இடது மூலையில் ஒரு எண். தேதி மட்டும் இருக்காது.

அந்த எண்தான் முதலாளியின் பழக்கம். கடை திறந்த நாளை ஒன்று என்று வைத்து, அன்றிலிருந்து நாளை எண்ணிக்கொண்டே போனவர் அவர். ஐந்நூறாவது நாள், அறுநூறாவது நாள் என்று கவரில் எழுதுவார். "தேதி மறுபடி மறுபடி வரும். இது வராது" என்பார். நான் சேர்ந்த பிறகு அதை விட்டுவிட்டார். நான் ஒரே எண்ணை இரண்டு நாளுக்குப் போட்டுவிட்டேன், அதனால். ஏழாம் வகுப்பில் கணக்குப் பரீட்சைக்குப் பயந்து பள்ளிக்கூடத்திலிருந்து நின்றவன் நான். எண்ணைக் கண்டால் இன்றைக்கும் கை வேர்க்கும்.

மூன்றாவது பெட்டியில் கிடைத்தது. வல்லம் என்று போட்டிருந்தது. எண் 1294. உள்ளே படம் முழுசாக, ஒரு கறை இல்லாமல் இருந்தது. மாடிப்படித் திரைக்கு முன்னால் மாலையும் கழுத்துமாக இரண்டு பேர். அவர் விறைப்பாக நிற்கிறார். அவள் கேமராவைப் பார்க்காமல் அவருடைய கையைப் பார்க்கிறாள்.

பெண் படத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். சிறுமி எட்டிப் பார்த்தாள்.

"நைனாவுக்கு இவ்ளோ பெரிய மீசையா?"

"கருகலியே," என்றாள் அந்தப் பெண். பிறகு கவரைப் பார்த்தாள். "இதுல இன்னா எழுதியிருக்குதுண்ணா?"

படித்திருக்கக் கூடாது. பயந்தவனுக்குப் பொய் சட்டென்று வராது. "அட்வான்ஸ் ஒண்ணேகால்... இல்ல, ஒண்ணரை ரூபா. பாக்கி ரெண்டு ரூபா எட்டணா."

அந்தப் பாக்கிக்கு அப்போது வழியில்லாமல்தான் பிலிம் கருகிப்போனது என்று மூன்று பேருக்கும் புரிந்தது. அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெண் அவள் தொடையில் கை வைத்து நிறுத்தினாள். "நல்லாத்தான் விழுந்திருக்குது," என்று மட்டும் சொன்னாள்.

நாளை மறுநாள் வரச் சொன்னேன். தேதியைக் கணக்குப் போட்டுச் சீட்டு எழுதி வைக்கிறேன் என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவிட்டேன்.

முதல் கவர் இருந்தது. எண் ஒன்று. உள்ளே முதலாளி தன்னையே எடுத்துக்கொண்ட படம், பின்பக்கம் அவர் கையால் ஐம்பத்து மூன்று, தை முதல் நாள். பொங்கலன்று கடை திறந்திருக்கிறார். ஜனவரி பதினாலு. அங்கிருந்து ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு நாள் நடந்து போக வேண்டும், அவ்வளவுதான். வருஷத்துக்கு முன்னூற்று அறுபத்தைந்து. ஐம்பத்தாறில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள், அதை விட்டுவிடக் கூடாது. அந்த ஒரு நாள்தான் என்னை விழுங்கிவிடும் என்று பயந்து, விரல் விட்டு, பிறகு சோழி வைத்து, பிறகு பழைய காலண்டர் அட்டையில் பென்சிலால் புள்ளி வைத்து மூன்று முறை எண்ணினேன். மூன்று முறையும் ஒரே இடத்தில் வந்து நின்றது. 1956 ஜூலை முப்பது. கணக்கில் எனக்கு இப்படி நேர்ந்ததே கிடையாது. சந்தோஷத்தில் யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. சொல்ல ஆள் இல்லை. முதலாளி படத்தைப் பார்த்து, "வந்துடுச்சு," என்றேன்.

மூன்றாம் நாள் மூன்று பேரும் வந்தார்கள். சீட்டைப் படித்துக் காட்டினேன். முப்பது, ஏழு, ஐம்பத்தாறு.

"இங்கிலீஷ்ல சொன்னா எனுக்கு இன்னா தெரியும்?" என்றாள் அம்மா. "தமிழ்ல இன்னா மாசம்?"

"ஜூலைக் கடைசி. தமிழுக்கு..."

"ஆடியா?" என்றாள். "ஆடி மாசமா?"

தலையாட்டினேன்.

"ஆடியில புருசனையும் பொண்டாட்டியையும் பிரிச்சி அம்மா வூட்டுக்கு அனுப்புவாங்க. அதுல போயி தாலி கட்டுவாங்களா? நீ கண்ணாலமே பாத்ததில்லயா தம்பி?"

"சும்மா இரும்மா," என்றாள் மகள்.

"இன்னா சும்மா இரு? இந்தச் சீட்டு உன் மச்சாண்டாரு கையில கெடச்சா போதும். பாருங்கய்யா, ஆடியில கண்ணாலம் பண்ணாளாம்னு ஆபீசு முழுக்கச் சிரிப்பான். அதோட பென்சனு போச்சு, மானமும் போச்சு."

லீப் வருஷத்தையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தவன் ஆடியைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். சீட்டை வாங்கிக் கிழித்தேன்.

எந்த மாதம் என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்க வேண்டியது. ஆவணி. அது நிச்சயம். புரட்டாசி பிறப்பதற்குள் முடித்துவிட வேண்டும் என்று அடித்துப் பிடித்து ஓடினார்களாம். கிழமை மறந்துபோயிற்று. வருஷம், இந்தச் சிறுமி பிறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, இல்லாவிட்டால் மூன்று.

"நீங்களே ஏதோ ஒரு ஆவணித் தேதியப் போட்டுக் குடுத்துடுங்கண்ணா," என்றாள் பெண் மெல்ல. "யாருக்குத் தெரியப்போவுது?"

அதைச் செய்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். என்னால் முடியவில்லை. நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன், பயம். புருஷனுடைய அண்ணன் ஒருநாள் ஆபீஸ் ஆளோடு வந்து நிற்பார், இந்தக் கவரை எடு என்பார், எண்ணைக் காட்டு என்பார், எப்படி இந்தத் தேதி வந்தது சொல்லு என்பார். அவர் முகத்தை நான் பார்த்ததில்லை. ஆனாலும் அவர் மீசையைத் தடவுவது வரைக்கும் எனக்குத் தெரிந்தது. "ஒரு வாரம் குடும்மா," என்றேன். "பொய்த் தேதி வேணாம்."

அந்த வாரம் எனக்கு நாள் கிழமை எதுவும் நினைவில் இல்லை. எண் தப்பா, என் கணக்குத் தப்பா, முதலாளியே தப்பா? மத்தியான வேளையில் கடைக்கு யாரும் வர மாட்டார்கள். பெட்டிகளை இறக்கி, தேதி தெரிந்த படம் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முகங்கள், முகங்கள். ஊரில் பாதிப் பேர் அந்தப் பெட்டிகளில் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தெருவில் பார்த்தால் ஒருவரும் என்னை அடையாளம் கண்டுகொள்ள மாட்டார்கள்.

நாலாவது நாள் ஒரு பள்ளிக்கூடப் படம் அகப்பட்டது. கொடிக்கம்பத்துக்குக் கீழே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நடுவில் இருந்த பையனின் மடியில் ஒரு பலகை. அதில் சாக்பீஸால் 15-8-55. கவரில் எண் 912. என் கணக்குப்படி அந்த நாள் தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு. முப்பத்திரண்டு நாள் குறைகிறது.

தப்பு என்னுடையது மட்டும் இல்லை என்று தெரிந்ததும் முதலில் மூச்சு வந்தது. அடுத்து வேறு கவலை. எங்கே போயிற்று அந்த முப்பத்திரண்டு நாள்? ஞாயிற்றுக்கிழமை லீவா? அப்படியானால் நூற்றுக்கு மேல் குறைய வேண்டும். மாதத்துக்கு ஒருநாள் லீவு விட்டிருப்பாரா? கடை திறந்ததிலிருந்து அந்தப் படம் வரை மாதம் முப்பத்தொன்றுதான். காணாமல்போன நாள் முப்பத்திரண்டு. அந்த ஒன்று உள்ளங்காலில் முள் மாதிரி இருந்தது.

மறுநாள் காலை எதிரிலிருந்த டீக்கடையில் நின்றேன். கிளாஸ் கையில் இருக்கிறது, நான் குடிக்கவில்லை.

"இன்னா போட்டோக்காரரே, டீய போட்டோ எடுக்கிறியா?" என்றார் டீக்கடைக்காரர். அவர் அந்த இடத்தில் இருபது வருஷமாகக் கடை வைத்திருந்தவர்.

பேச்சை மாற்றுவதற்காகப் பக்கத்துத் தச்சுப்பட்டறையைக் காட்டினேன். "ஆசாரி இன்னிக்கித் தொறக்கலியா?"

"அமாவாசையில எந்த ஆசாரி உளியத் தொடுவாரு? உங்க மொதலாளிகூட அப்புடித்தானே இருந்தாரு."

"எங்க முதலாளியா? அமாவாசையிலதான் எங்களுக்கு யாவாரமே." அது உண்மை. அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலுக்குப் போகிற கூட்டம் செஞ்சியில் பஸ் மாறும். பஸ்ஸுக்குக் காத்திருக்கிற நேரத்தில் குடும்பத்தோடு வந்து படம் எடுத்துக்கொள்வார்கள். நான் சேர்ந்த நாளிலிருந்து ஒரு அமாவாசைக்குக்கூட நாங்கள் மூடியதில்லை.

"அது நீ வந்தப்புறம். பஸ்ஸு ஜாஸ்தியானப்புறம். மொதல்ல அவரும் ஆசாரி வூட்டுப் புள்ளதானே, கேமரா பொட்டிகூட தன் கையால செஞ்சது. அதுவும் ஆயுதம்தான், அமாவாசையில தொடமாட்டேம்பாரு. பூட்டிகினு வந்து இங்கதான் குந்திகினு இருப்பாரு, நாள் பூரா."

கிளாஸை வைத்துவிட்டு ஓடினேன். காசு கொடுத்தேனா என்று பாதி வழியில் சந்தேகம் வந்து திரும்பி வந்து கேட்டேன். "குடுத்துட்ட, குடுத்துட்ட, போ," என்றார்.

அமாவாசை மாதத்துக்கு ஒன்று என்று சொல்கிறோமே தவிர, அது இங்கிலீஷ் மாதத்தைவிடக் கொஞ்சம் வேகமாக வருகிறது. முப்பத்தொரு மாதத்தில் முப்பத்திரண்டு விழுந்துவிடும். மூடிய நாளை அவர் எண்ணவே இல்லை. கடை திறந்த நாளைத்தான் எண்ணினார். அவருக்குக் கடை இல்லாத நாள் நாளே இல்லை போலும்.

மளிகைக்கடைக்காரர் வருஷா வருஷம் பஞ்சாங்கத்தை நூலில் கோத்து மாட்டி வைப்பவர். தரமாட்டேன், இங்கேயே பார் என்றார். பருப்பு மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தேன். கடை திறந்த நாளிலிருந்து ஜூலை முப்பது வரை அமாவாசை நாற்பத்து நான்கு. நாற்பத்து நான்கு நாள் தள்ளினால் செப்டம்பர் பன்னிரண்டு. தள்ளிய நாட்களுக்குள் இன்னும் இரண்டு அமாவாசை வந்து விழுந்துவிட்டது. அதையும் தள்ளினேன். செப்டம்பர் பதினாலு. தமிழுக்கு ஆவணி முப்பது, வெள்ளிக்கிழமை. பஞ்சாங்கத்தில் அதற்கு எதிரே முகூர்த்தம் என்று போட்டிருந்தது. ஒருநாள் விட்டால் புரட்டாசி.

அப்போதும் நிம்மதி இல்லை. முதல் அமாவாசை தை இரண்டாம் நாளில் வருகிறது. கடை திறந்த மறுநாளே யாராவது மூடுவார்களா? மூடவில்லை என்றால் கல்யாணம் ஒருநாள் முந்திவிடும், வியாழக்கிழமை. பலகைப் படம் முப்பத்திரண்டு என்று சொன்னாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஓடிவந்து இரண்டாம் எண் கவரைத் தேடி எடுத்தேன். கோட்டைக்குப் போகிற கூட்டம். புதுத்துணி, கையில் கரும்பு, தூக்குவாளியில் கட்டுச்சோறு. காணும் பொங்கல். அது தை மூன்று. மூன்றாம் நாளுக்கு அவர் இரண்டு என்று எழுதியிருக்கிறார். முதல் நாளே அந்தக் கவரைக் கையில் எடுத்துப் பார்த்தவன்தான் நான்.

அவர்கள் வந்தபோது கெடுவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. தேதியைச் சொல்லவில்லை. "ஆவணி முப்பது. வெள்ளிக்கிழமை," என்று சொல்லிவிட்டு அம்மாவின் முகத்தையே பார்த்தேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். "வெள்ளி... ஆமா, வெள்ளிதான்! மறுநாளு சனிக்கெழம. சனியில மறுவீடு போவக்கூடாதுன்னு எல்லாம் நம்ம வூட்லயே குந்திகினு இருந்தாங்களே. அரிசி பத்தாம அவலூர்ப்பேட்டையிலேர்ந்து வாங்கியாந்தமே! அதுக்கு மறுநாளு புரட்டாசி பொறந்துடுச்சு." மகளின் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "நெனவு இருக்குதாடி?"

"இருக்குது," என்றாள் மகள். சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

சீட்டில் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். முதலாளியின் பெயருக்குக் கீழே, அவருக்காக என்று. ஒரு காகிதத்துக்குப் பொறுப்பு ஏற்று நான் கையெழுத்துப் போட்டது அதுவரை இல்லை.

படம் ஆபீஸுக்குப் போக வேண்டும், திரும்பி வருமோ வராதோ. அதன் நெகட்டிவ் கடையில் இருந்தது. இன்னொரு காப்பி போட்டு வைத்திருந்தேன். நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"பாக்கி இருக்குதேண்ணா."

"அது பழசும்மா. முதலாளியே போய்ட்டாரு."

"அவரு வச்சிட்டுப்போன கடன். அதுக்குப் பயந்துகினுதான் எங்கிட்ட பொய் சொல்லிகினு இருந்தாரு இத்தன வருசமும். மொதப் பணம் வந்ததும் நானே வந்து குடுத்துட்டு எடுத்துக்கறேன். அதுவரிக்கும் அந்தக் கவர்லயே இருக்கட்டும்."

காப்பியை அந்தக் கவருக்குள்ளேயே போட்டேன். மூன்று பேரும் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார்கள். சிறுமி மட்டும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள், என்னையா மாடிப்படித் திரையையா தெரியவில்லை.

மனு தள்ளுபடி ஆயிற்றா, சீட்டில் குற்றம் கண்டுபிடித்தார்களா என்று ஐந்து மாதம் தவித்தேன். காக்கிச் சட்டை எது கடையைத் தாண்டினாலும் எழுந்து நின்றேன். பிறகு பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வல்லத்துத் தபால்காரர் வந்தார். சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"அந்த வாட்ச்மேன் பொண்டாட்டியா? மூணு மாசமா மணியார்டர் வருதே. நான்தான் குடுக்கிறேன். ரேகை வச்சி வாங்குது."

"கவரைப் பத்தி எதுனா சொல்லிச்சா?"

"எந்தக் கவரு?"

"ஒண்ணுமில்ல. தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க."

அவர் போன பிறகு அந்தக் கவரை எடுத்து மேஜை இழுப்பறையில் முன்பக்கமாக வைத்தேன், வந்தால் தேடக் கூடாது என்று. வந்தால் உட்காருவார்கள், சிறுமிக்கு ஒரு படம் எடுத்துத் தரலாம், அம்மா ஏதாவது திட்டுவாள். முதல் வருஷம் வெள்ளிக்கிழமைகளில் எதிர்பார்த்தேன். அதற்கப்புறம் கிழமை பார்க்கவில்லை. வல்லம் பஸ் வந்து நிற்கிற சத்தம் கடைக்குக் கேட்கும். கேட்டால் இழுப்பறையைத் தொட்டுக்கொள்வேன்.

பழைய கவர்களின் எண்களை எல்லாம் பிறகு ஒவ்வொன்றாகத் தேதியாக மாற்றி எழுதினேன். அணாக் கணக்குகளை நயா பைசாவாக்கினேன். வேறு வேலை என்ன இருந்தது எனக்கு? அந்த ஒரு கவரை மட்டும் மாற்றவில்லை. மூலையில் 1294. கீழே முதலாளியின் கையெழுத்தில், பாக்கி ரூ. 2-8-0.